ஜாம் சட்டி வைத்த கார்

பக்கத்துக் கூடாரத்து மஞ்சள் காரைப் பார்த்ததும் ஃபிர்மேனுக்கு ரொட்டி தொண்டையில் சிக்கியது. போன பந்தயத்துக்காக அவன் தன் அணியின் நீலக் காரில் வளைத்து வைத்த அதே மூக்குத் தகடு!

"லூசெட், நம்மகிட்டயே ஒரு கருங்காலி இருக்கான்."

பந்தயப் பாதையோர மதில்மேல், ஸ்டாப்வாட்சும் பின்னல் ஊசியுமாக உட்கார்ந்திருந்த அவன் மனைவி நிமிரவில்லை. "போன வருஷம் பால்காரன்மேல சந்தேகம். இந்த வருஷம் யாரு?"

ஃபிர்மேன் தலைமை மெக்கானிக். இன்னொரு தடவை மஞ்சள் கார் முந்தினால் கடையைக் கட்டிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை.

அடுத்த பந்தயத்தில் புதிய பின் இறக்கைமேல் கம்பளியைப் போர்த்தினான். கார் ஓடும்போது மட்டும்தான் எடுத்தான். அதற்கடுத்த பந்தயத்தில் மஞ்சள் காரிலும் அதே இறக்கை.

வெல்டர் அம்புருவாஸ்மேல் சந்தேகம் விழுந்தது. லூசெட்டின் தம்பி அவன்.

"அந்த மஞ்சள் பசங்களுக்கு எதுக்குடா கை குடுத்தே?"

"காலையில பாத்தா கை குடுக்காம, காலையா குடுப்பாங்க?"

அம்புருவாஸுக்கு வேலை போயிற்று. வீட்டில் சூப் ஆறிப்போய் வந்தது.

ஆனாலும் ஃபிர்மேனின் சந்தேகம் ஆறவில்லை. லூசெட் ஜாம் காய்ச்சும் செம்புச் சட்டியை எடுத்து, என்ஜின்மேல் கவிழ்த்துத் திருகாணி போட்டு முடுக்கினான். ஒன்றுக்கும் உதவாத சட்டி. மூன்று கம்பளி போர்த்திக் கயிறு கட்டினான்; அடுத்த பந்தயத்தில் கார் ஓடும்போது மட்டும் அவிழ்த்தான். யாராவது இதையும் காப்பியடித்தால் கருங்காலி இன்னும் உள்ளேதான்.

அதற்கடுத்த திஜோன் நகரப் பந்தயத்தில் மஞ்சள் காரும் செம்புச் சட்டியோடு வந்தது. வந்ததோடு, முதலாவதாகவும் வந்தது. முதலாளி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

அம்புருவாஸ் போய்விட்டான். மிச்சம் யார்?

"அது ஜாம் சட்டின்னு உனக்கு மட்டும்தானே தெரியும், லூசெட்?"

அவள் ஸ்டாப்வாட்சை அவன் கையில் திணித்தாள். "இனிமே நீயே எண்ணிக்கோ. நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

ஃபிர்மேன் மஞ்சள் கூடாரத்துக்குள் பாய்ந்தான். டயர் மாற்றும் பஸீல் மட்டும் ஒயின் கிளாஸோடு இருந்தான்.

"யாருய்யா சொன்னது? மச்சானா? என் பொண்டாட்டியா?"

"யாரும் சொல்லலை மேஸ்திரி," என்றான் பஸீல். "உங்க காருல எதைப் பாக்கணும்னு தெரியாம நாங்க முழிச்சிட்டிருப்போம்; நீங்கதான் புண்ணியவான், அதை மட்டும் கம்பளி போட்டுக் காட்டுவீங்களே!"