வண்டிக்குச் சூடு இறக்கிய சித்தர்

குற்றாலத்தில் சீசன் வந்தால் மனிதர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். இந்த வருடம் பேட்டரி வண்டிகளும் நின்றன கண்ணுகளா!

ஐந்தருவிச் சாலையோரப் பந்தலில் கரண்டுச் சித்தர். வண்டியில் வயர் சூடாகிறதா? அது உஷ்ண தோஷமாம். தட்டில் காணிக்கை, அருவித் தீர்த்தம் ரெண்டு சொட்டு, ஒரு மந்திரம். அப்புறம் ஒரு மணி நேரம் யாரும் வண்டியைத் தொடக் கூடாது. பிறகு பார்த்தால் ஜில்லென்று இருக்கும். என்னே மகிமை!

"அருவியில நின்னா மனுசச் சூடே இறங்குது, வண்டிச் சூடு இறங்காதாக்கும்?" என்றார் வரிசையில் பேட்டரி ஸ்கூட்டரோடு நின்ற விஸ்வநாதன் அண்ணாச்சி. ஸ்கூட்டருக்கு எண்ணெய் தேய்த்துக் கூட்டி வராததுதான் பாக்கி.

அவருக்குப் பின்னால் இசக்கிசெல்வி. அச்சன்புதூர்ப் பிள்ளைகளைப் பேட்டரி ஆட்டோவில் தென்காசிப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவள். மூன்று நாளாகச் சீட்டுக்கு அடியில் கருகல் வாடை.

அந்த வழியாக வந்த மெக்கானிக் மசூதுக்கும் அந்த வாடை அடித்தது. பதறிவிட்டார்.

"ஏ தங்கச்சி, பிள்ளைங்க உக்காருத எடம்லா கருகுது! இங்கன என்ன செய்யுத?"

"ரெண்டு தடவ மந்திரிச்சாச்சு அண்ணாச்சி. இங்கன குளுந்துருது, ஓட்டுனா திரும்பச் சுடுது."

"பக்தி பத்தாது," என்றார் சித்தர்.

"சரி சாமி," என்றார் மசூது. "இந்த அண்ணாச்சி ஸ்கூட்டருக்கு மந்திரம் போடுங்க. இவ ஆட்டோ சாவிய எடுத்துட்டுச் சும்மா நிக்கட்டும். ஒரு மணி நேரங்கழிச்சுப் பாப்போம்."

மசூதிடம் சூடு பார்க்கும் துப்பாக்கி இருந்தது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டினார்களே, அது மாதிரி. இரண்டு வண்டியிலும் வயரின் சூட்டை எல்லாருக்கும் காட்டினார். இரண்டும் கொதித்தன.

ஒரு மணி நேரம் போனது. ஸ்கூட்டர் ஜில். இந்தத் தடவை மந்திரமே கேட்காத ஆட்டோவும் ஜில்!

"மந்திரம் காத்துல பரவியிருக்கும்," என்றார் சித்தர்.

"பரவுன மந்திரத்துக்கும் தட்டுல போடணுமா சாமி?" என்று கேட்டாள் இசக்கிசெல்வி. கூட்டம் சிரித்த சிரிப்பில் அருவிச் சத்தமே கேட்கவில்லை.

மசூது சீட்டைக் கழற்றினார். வயரைப் பிடித்திருந்த திருகாணி தளர்ந்து, முனை கரிக்கட்டையாகக் கிடந்தது. "இறுக்கமில்லாத எடத்துல கரண்டு திணறும் தங்கச்சி. அங்கன சூடு ஏறும், பொறவு தீப்பிடிக்கும்." கருகியதை வெட்டி எறிந்து, புது முனை போட்டு இறுக்கினார். அவள் அச்சன்புதூர் வரை ஓட்டித் திரும்பினாள். துப்பாக்கி காட்டியது: சூடு இல்லை. பந்தலைப் பார்த்தாள்: சித்தரும் இல்லை.

கண்ணுகளா, வண்டியை நிறுத்தினால் சூடு தானே இறங்கும். மூளையை நிறுத்தினால், நம் தலையில் மிளகாய் அரைக்க ஆள் தானே வந்து இறங்கும்!