ஒரு கை வணக்கம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர் என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் எனக்குக் கரண்ட் என்றால் பயம். ஏதோ லேசான பயம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் மிக்ஸி பிளக்கைச் செருகும்போதுகூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறவன் நான். (நான் பார்க்காவிட்டால் கரண்ட்டும் என்னைப் பார்க்காது என்று ஒரு நம்பிக்கை.)

எங்கள் குடும்பம் கடலுக்குப் போகிற குடும்பம். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாருக்கும் படகுதான். நான் மட்டும் பன்னிரண்டு வயதில் முதன்முதலாகப் படகில் ஏறி, கரை மறைவதற்குள் காலையில் தின்ற இட்லியிலிருந்து முந்தின நாள் குழம்பு வரை அத்தனையையும் மீன்களுக்குப் படைத்துவிட்டு, வலைக்குவியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். "இவன் இதுக்கு ஆவ மாட்டான்" என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. அதனால் என்னை டிப்ளமா படிக்க வைத்தார்கள்.

படித்து முடித்ததும் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம், ஒரு கையால் இன்வெர்ட்டரின் இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையை உள்ளே விட்டேன். அதற்கடுத்து எனக்கு நினைவிருப்பது, எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் நின்றவரிடம் என் பெயரை நானே விசாரித்துக்கொண்டிருந்ததுதான்.

அன்று வீட்டில் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அலைக்குப் பயப்படுறானேன்னு கரண்ட்டு வேலைக்கு உட்டா, இவன் கரண்ட்டுக்கும் பயப்படுறான். இன்னாடா ஜென்மம் நீ?"

அதன்பிறகுதான் ஊரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் தற்காலிகப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. கரண்ட்டைத் தொட வேண்டாம், தொடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது என் கணக்கு. ஒரு வருட ஒப்பந்தம். வருடக் கடைசியில் மேலதிகாரி வந்து ஆய்வு செய்து, நல்லவிதமாக எழுதினால் வேலை தொடரும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்பா சாப்பிட்டுக்கொண்டே அறிவித்தார்.

"இதுவும் போச்சின்னா பேசாத படகுக்கு வந்துடு. உங்க அண்ணனுக்கு ஒரு ஆளு கொறையுது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தரையிலேயே தலை சுற்றியது.

பயிற்சி நிலையத்தில் எனக்கு இருபத்திரண்டு மாணவர்கள். அவர்களில் யாராவது என் கண் முன்னால் அடி வாங்கி விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் எனக்கு முதல் மாதம் சோறே இறங்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பாதுகாப்புப் பழக்கம் உண்டு. கரண்ட் இருக்கும் கருவிக்குள் கை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வலது கையை மட்டும் வைக்க வேண்டும். இடது கை பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கையும் பட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகும். நடுவில் இதயம் இருக்கிறது. (என் விஷயத்தில் அது சும்மாவே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும் இதயம்.)

மற்ற பயிற்றுநர்கள் இதை ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். நான் விடவில்லை. தினமும் காலையில் ஒத்திகை வைத்தேன். யாராவது "கரண்ட்டு!" என்று குரல் கொடுத்தால், அந்த நொடியே இருபத்திரண்டு இடது கைகளும் சாம்பல் நிற ஓவர்கோட்டின் பாக்கெட்டுக்குள் போய்விட வேண்டும். நான் "ஆஃப்!" என்று சொல்லும்வரை வெளியே வரக் கூடாது. யார் வந்து சொன்னாலும் வரக் கூடாது. "கடவுளே வந்து சொன்னாலும் கூடாது" என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். மூன்றே மாதத்தில் அவர்களுக்கு அது கண் சிமிட்டுவதைப்போல ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

ஆய்வு நாள் வந்தது. வரப்போகிறவர் ஒரு பெண் அதிகாரி, மிகவும் கறாரானவர் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் நிலையத்தின் முதல்வருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். முதல்வர் ராணுவத்துக்குப் போகாவிட்டாலும் வரிசையும் விறைப்பும் அவர் ரத்தத்தில் இருந்தன. முந்தின நாளே என் வகுப்புக்கு வந்து ஒத்திகை பார்த்தார்.

"மேடம் உள்ள வந்ததும் எல்லாரும் எழுந்து நிக்கணும். ரெண்டு கையும் கூப்பி, ஒரே கொரல்ல வணக்கம். புரியுதா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஒங்க ஒப்பந்தமும் இதுலதான் இருக்கு தம்பி. மொதல் பார்வையில விழுந்துட்டோம்னா அப்பறம் எழுந்துக்க முடியாது."

மறுநாள் காலை பயத்தில் எல்லாருக்கும் முன்னால் வகுப்புக்குப் போய்விட்டேன். மாணவர்கள் செய்திருந்த பவர் சப்ளையை, அதாவது வீட்டுக் கரண்ட்டைக் கருவிகளுக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் பெட்டியை, மூடியைக் கழற்றி மேசை மேல் காட்சிக்கு வைத்தேன். பத்து மணிக்குக் கரண்ட் போனது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மேடம் வந்து போகும்வரை அது வராமலே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன். (உலகத்திலேயே கரண்ட் கட்டுக்காக வேண்டிக்கொண்ட எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் நானாகத்தான் இருப்பேன்.)

மேடம் வாசலில் தோன்றினார். காட்டன் புடவை, கண்ணாடி, சிரிக்காத முகம். பின்னால் முதல்வர். இருபத்திரண்டு பேரும் எழுந்தார்கள். நாற்பத்து நான்கு கைகள் மேலே எழும்பி, நெஞ்சருகே வந்து, குவியப் போகிற நேரம். மின்விசிறி சுழன்றது.

கடைசி வரிசையிலிருந்து எவனோ கத்தினான்: "கரண்ட்டு வந்துடுச்சி சார்!"

அவ்வளவுதான். சடக்கென்று இருபத்திரண்டு இடது கைகளும் பாக்கெட்டுக்குள் போயின. வலது கைகள் மட்டும் நெஞ்சுக்கு நேராக விரிந்தபடி நின்றன. அதிகாரிக்கு இருபத்திரண்டு சாமியார்கள் ஒரே நேரத்தில் ஆசீர்வாதம் வழங்குவதைப் போலிருந்தது காட்சி. அந்த நிலையிலேயே எல்லாரும் ஒரே குரலில், "வணக்கம் மேடம்!"

முதல்வரின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. "கைய எடுங்கடா!"

ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் "ஆஃப்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பயத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது. குனிந்து பார்த்தேன். என் இடது கையும் பாக்கெட்டுக்குள்தான் இருந்தது.

"சால்வை, சால்வை" என்று முதல்வர் பல்லைக் கடித்தார். பெண் அதிகாரி என்பதால் சால்வையைப் போர்த்தும் பொறுப்பை நஸ்ரினுக்குக் கொடுத்திருந்தோம். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண். அதனால்தான் வந்தது வினை. கெட்டிக்காரப் பெண் விதியை மீறுவாளா? வலது கையால் மட்டும் சால்வையை எடுத்து, துணி உலர்த்தும் கொடியில் வீசுவதுபோல் மேடத்தின் தோள் மேல் வீசினாள். அது வழுக்கி, மேசை மேல் திறந்து கிடந்த பவர் சப்ளையின் மேல் போய் விழுந்தது.

"பரவால்லம்மா" என்று மேடம் இடது கையை மேசையின் இரும்புச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு, வலது கையைச் சால்வையை எடுக்க நீட்டினார்.

இரண்டு கை. இரும்பு. திறந்த பெட்டி. எனக்குத் தட்டாஞ்சாவடியின் எதிர்ச் சுவர் தெரிந்தது. அதுவரை வராத குரல் அப்போது வந்தது.

"ஏய்! கைய எடு! பாக்கெட்ல போடு!"

மேடத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஏய் என்றேன். எடு என்றேன், போடு என்றேன். இதில் எதையும் நான் மிகைப்படுத்தவில்லை.

 மேடம் அப்படியே உறைந்து நின்றார். பிறகு மெதுவாக இடது கையை எடுத்துத் தன் இடுப்புப் பக்கம் தடவிப் பார்த்தார்.

"புடவைல பாக்கெட் இல்லயே தம்பி."

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. படகு, அலை, அண்ணன், இட்லி எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து நஸ்ரின் மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சார்... பிளக்கே மாட்டல சார்."

யார் பிடுங்கியது? காலையில் பயத்தில் நானேதான் பிடுங்கி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த பயத்தில் அதை மறந்துவிட்டேன்.

"இருந்தாலும் மேடம், உள்ள கெப்பாசிட்டர்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும்..." என்று முனகினேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்ட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும் உருப்படி அது. முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் நஸ்ரினிடம் கேட்டார்: "ஏம்மா, எல்லாரும் எதுக்கு ஒரு கைய ஒளிச்சி வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு கையும் பட்டா கரண்ட்டு நெஞ்சு வழியா போவும் மேடம்."

"சரி. இப்பதான் பிளக் இல்லன்னு தெரிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் எடுக்கல?"

"சார் இன்னும் ஆஃப் சொல்லல மேடம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க தம்பி. பாவம், எவ்ளோ நேரம் நிப்பாங்க."

"ஆஃப்" என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டது. இருபத்திரண்டு இடது கைகளும் வெளியே வந்து, வலது கைகளோடு சேர்ந்து குவிந்தன. "வணக்கம் மேடம்!" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். அப்பா பரணிலிருந்து படகில் போடும் ஒரு பழைய மழைக்கோட்டை எடுத்து வெயிலில் காயவைத்து, என் அளவுக்குச் சரியாக இருக்குமா என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

அறிக்கையை முதல்வர் மூன்று முறை படித்துவிட்டு, நம்ப முடியாமல் என்னிடமே நீட்டினார். கடைசியில் மேடம் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மாணவர்கள் முதல்வரின் சொல்லைக் கேட்பதில்லை. பயிற்றுநர் மின்சாரத்துக்கு அளவுக்கு மீறிப் பயப்படுகிறார். அவரே தொடரலாம்."

தொடர்கிறேன். இந்த விஷயத்தை வீட்டில் சொன்னது மட்டும்தான் நான் செய்த தவறு. என் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்க நான் தாலியைக் கையில் எடுத்த நேரம், அப்பா கூட்டத்தைப் பார்த்தபடி சத்தமாகச் சொன்னார்: "டேய், ரெண்டு கையாலயும் கட்டுடா! பிளக்க நான் புடுங்கிட்டேன்!" மண்டபமே சிரித்தது. மணப்பெண்ணும்தான். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் முகூர்த்த நேரத்தில் யாராவது ஒருவர் "பிளக்கப் புடுங்கியாச்சா?" என்று கேட்காமல் தாலி ஏறுவதில்லை.

போன மாதம் முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு அப்பா வந்திருந்தார். கை கழுவிவிட்டு வந்தவர், செல்போன் சார்ஜரைச் செருகப் போனார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வலது கையைக் கைலியில் நன்றாகத் துடைத்தார். பிறகு இடது கைக்கு ஒரு இடம் தேடினார். கைலியிலும் பாக்கெட் கிடையாது. இடுப்பு மடிப்புக்குள் அதைச் செருகிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் பிளக்கை மாட்டினார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக "ஆஃப்" என்றேன். அவர் கையை வெளியே எடுத்தார்.