பார்வை மேம்பாட்டுக் குழு

மனித குலம் வெறுங்கண்ணை நம்பிக் கெட்டது போதும் என்று 1996ஆம் ஆண்டு, பாயான் பாரு நகரை ஒட்டிய மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் இரண்டாம் மாடியில், கறிபாப் பலகாரத் தட்டு காலியான சற்று நேரத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பயிற்சிப் பிரிவு உதவி மேலாளர் பரமநாதன். அதற்கான தகுதி அவருக்கு இருந்தது. சிங்கப்பூரில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய், அதில் ஒன்றரை நாள் விழித்தும் இருந்தார்.

வாங்கப்பட்டது ஒரு கண்ணாடி. பெயர்தான் கண்ணாடி, மோட்டார் சைக்கிள் தொப்பிக்கு டிவி முளைத்த மாதிரி இருக்கும். அதை மாட்டிக்கொண்டு உற்பத்தி லைனில் இருந்த ரோபோவைப் பார்த்தால், அதன் இரும்புக் கை அடுத்து எந்த வழியே போகும் என்று பச்சைக் கோடு தெரியும். எங்கே நின்றால் அடிபடும் என்று சிவப்பு வட்டம் தெரியும். உண்மையின் மேலேயே படம் வரைந்து காட்டும் இந்த அற்புதத்துக்குப் பரமநாதன் ‘கூட்டிய உண்மை’ என்று தமிழில் பெயர் சூட்டினார்.

“கூட்டினா குப்பைதானே வரும்?” என்றார் அவர் மனைவி ஞானாம்பிகை. குடும்பத்தாரின் கருத்துகள் கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

அந்த ரோபோவைப் பதினோரு வருடமாகக் கவனித்து வந்தவர் வடிவம்மாள். முதலில் அவர் தலையில்தான் மாட்டினார்கள்.

“எப்படிம்மா இருக்கு?”

“அழகா இருக்கு அண்ணே. ஆனா கோடு ஒரு சாண் தள்ளி ஓடுது லா. கை வர்ற வழி வேற.”

“கோடு கம்ப்யூட்டர் போட்டது.”

“கை இரும்பாச்சே அண்ணே.”

பரமநாதனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் முன்மொழிந்தவரே சந்தேகப்படுவது மரபல்ல. குறிப்பில் எழுதினார்: “ரோபோ, படத்துடன் இன்னும் முழுமையாக ஒத்துழைக்கவில்லை.”

தலைமையக விருந்தினர்கள் வந்த நாளில் அவரே கண்ணாடியை மாட்டி, தாடை வாரை இறுக்கிக்கொண்டார். கண்ணாடி இருக்கும்போது வேலி எதற்கு என்று ரோபோவைச் சுற்றியிருந்த வேலியைக் கழற்றியிருந்தார்கள். அதுவும் அவர் யோசனைதான். சிவப்பு வட்டத்துக்கு நாலு விரல் வெளியே கம்பீரமாக நின்று, “இப்போது கை என்னைத் தாண்டிப் போகும்” என்று அறிவித்தார்.

பச்சைக் கோடு தாண்டிப் போனது. கை அவரிடமே வந்தது. சர்க்யூட் போர்டுகளை உறிஞ்சித் தூக்கும் அதன் ரப்பர் வாய், கண்ணாடியின் நெற்றியைக் கவ்வி மேலே இழுத்தது. வாரோடு பரமநாதனும் எழுந்தார். குதிகால் தரையை விட்டது; கழுத்து நெரிந்தது. அந்த நிலையிலும் கண்ணுக்குள் தெரிந்த படத்தில் எல்லாம் பச்சையாக, பத்திரமாக இருந்தது. செய்முறை விளக்கத்தின் உச்சகட்டம் என்று நினைத்து விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

வடிவம்மாள் ஓடிப்போய் நிறுத்தும் பட்டனை அடித்தார். லைன் மொத்தமும் நின்றது. வாரை அவிழ்த்து, உட்காரவைத்து, மைலோ பானம் ஆற்றிக் கொடுத்தார். பரமநாதன் அவர் சட்டைக் கையைப் பிடித்த பிடியை வெகு நேரம் விடவில்லை. நன்றி சொல்ல வாய் திறந்தார், குரல் வரவில்லை.

விசாரணைக் குழு மூன்று முறை கூடியது. தலைவர், ஆள்வளப் பிரிவின் அம்மையார் புவான் சித்தி ஹாஜரா.

“கண்ணாடி போட்டிருந்த உங்களுக்கு ஆபத்து தெரிந்ததா?”

“இல்லை” என்றார் பரமநாதன்.

“அப்படியானால் கண்ணாடி போடாதவருக்கு எப்படித் தெரிந்தது?”

பரமநாதனுக்குப் பதில் தெரியும். அதைச் சொன்னால் கண்ணாடி தோற்கும்; கண்ணாடி தோற்றால் முன்மொழிந்தவரும் தோற்பார். தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று சைகை காட்டினார்.

‘அங்கீகரிக்கப்படாத பார்வையைப் பயன்படுத்தி’ உற்பத்தியை நாற்பது நிமிடம் நிறுத்தியதற்காக வடிவம்மாளுக்கு எச்சரிக்கைக் கடிதம் என்று முடிவாயிற்று. அந்த வருடம் அவருக்கு வரவிருந்த லைன் லீடர் பதவி அதோடு போயிற்று. பரமநாதனுக்குத் துணிவுக்கான சான்றிதழ்.

கடிதத்தைக் கொடுக்க வேண்டியவரும் பரமநாதன்தான். வடிவம்மாள் இரண்டு தடவை படித்தார்.

“குழு முடிவும்மா. நான் என்ன செய்ய?”

“சரி அண்ணே. கழுத்து வலி விட்டிருச்சா?”

“பரவால்ல.”

அவர் கடிதத்தை மடித்துக்கொண்டு லைனுக்குத் திரும்பினார். பழியைக் கண்ணாடிமேல் போடப் பரமநாதனுக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் கடிதத்தின் அடியிலிருந்த கையெழுத்தை அவர் போட்டது வெறுங்கண்ணோடு.