தீவட்டி வீரணன் கையெழுத்து

டர்ர்ர் என்று ஊரையே கூட்டிக்கொண்டிருந்த மரம் அறுக்கும் மெஷின் திடீரென்று நின்றுபோனது.

காபி டம்ளரோடு சீனிவாசகம் வாசலுக்கு ஓடி வந்தார். வேப்பமரம் அப்படியே நின்றது. ஒரு கிளைகூட விழவில்லை. மரத்தில் ஆள் உயரத்துக்கு அடித்திருந்த பழைய தகர போர்டு மட்டும் கழன்று தரையில் கிடந்தது. மெஷினைப் பிடித்தபடி மொக்கைச்சாமி சிலையாகியிருந்தார்.

"என்னய்யா, பெட்ரோல் தீந்துபோச்சா?"

"இல்ல மொதலாளி. இங்கன பாருங்க."

போர்டு மறைத்திருந்த இடத்தில் மரத்தை ஆழமாகச் செதுக்கியிருந்தது. அடியில் குறுகி மேலே விரிந்து எரிகிற ஒரு நெருப்பு. அதற்கு இரண்டு பக்கமும் எழுத்து என்றும் சொல்ல முடியாத, கிறுக்கல் என்றும் தள்ள முடியாத சில வளைவுகள்.

"இது தீவட்டி வீரணன் கைவேலை மொதலாளி. அவரு அடையாளமே தீவட்டிதான? நான் இதுல கத்தி வைக்க மாட்டேன்." மொக்கைச்சாமி மெஷினைக் கீழே வைத்தார்.

தீவட்டி வீரணனைத் தெரியாதவர் நாரணாபுரத்தில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் தீவட்டியோடு வந்து, பணக்காரர் வீட்டு நெல்லை ஏழைக்கு அள்ளிக் கொடுத்தவன். வெம்பக்கோட்டைப் பக்கம் போலீஸ் வளைத்தபோது புகையாகக் கரைந்துவிட்டான் என்று பேச்சு.

சீனிவாசகத்துக்கு வீரணன் மேல் மரியாதைதான். ஆனால் அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் மரம் விழுந்தாக வேண்டும். பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அவருடையது. கேட்டுக்கு நேராக மரம் நிற்பதால் லாரி உள்ளே வராது. போன தீபாவளி சீசனில் பெட்டிகளை ரோட்டுக்குச் சுமந்து போவதற்குள் பாதி லோடு மழையில் கூழாகிவிட்டது. "இந்த வெள்ளிக்கிழமை லாரி உள்ள நின்னு லோடு ஏத்தணும். இல்லாட்டி ஆர்டர் வேற ஆளுக்கு" என்று பட்டாசுக் கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, மரத்தை வெட்ட அனுமதி வாங்கியிருந்தார். இன்று புதன்.

அவர் மனைவி பொன்னுத்தங்கத்துக்கு மரத்தை வெட்டுவதில் ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. அது அவள் அப்பா லேபிள் அச்சகம் நடத்திய இடம். கல்யாணத்துக்கு முந்தின நாள், அம்புட்டு வேலைக்கு நடுவிலும் மாமனார் தானே ஸ்டூல் போட்டு ஏறி அந்த அச்சக போர்டை அடித்தாராம். 'தொழில் மேல எம்புட்டுப் பக்தி!' என்று சீனிவாசகம் இன்றைக்கும் மெச்சுவார்.

மொக்கைச்சாமியும் அதே அச்சகத்தில் இளவட்டமாக இருந்தபோது லேபிளுக்கு மரக்கட்டையில் அச்சு வெட்டியவர்தான். எழுத்தை இடம் வலம் மாற்றி வெட்டியே பழகிய கை. அதனால்தான் அவர் வெட்டும் மரமும் சொன்ன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விழுகிறது என்று ஊரில் கேலி.

அரைமணி நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. சீனிவாசகம் சட்டென்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"ஏலே, வீரணனும் இல்ல சூரணனும் இல்ல. நான் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, சும்மா இருக்க முடியாம நாந்தான் செதுக்குனேன்!"

சொன்ன பிறகுதான் வாசலில் பொன்னுத்தங்கம் நிற்பதைப் பார்த்தார். 'யார் பேரைச் செதுக்குனீக?' என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்து மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்களா?" என்றாள் அவள். "நீங்களா செதுக்குனீக?"

முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மத்தியானம் சாப்பாட்டில் இரண்டு அப்பளம் கூடுதலாக வந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

ஓய்வுபெற்ற வாத்தியார் லட்சுமிகாந்தம் அவ்வளவு லேசில் விடுகிற ஆளில்லை. ஒரு பலகையும் பேனாக்கத்தியும் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்கதான் செதுக்குனதுன்னா, இன்னொருக்கச் செதுக்குங்க பாப்போம்."

சீனிவாசகம் கால்மணி நேரம் மூச்சைப் பிடித்துச் செதுக்கினார். தீவட்டி வரவேண்டிய இடத்தில் கத்தரிக்காய் வந்தது.

"பாத்தீகளா? இவரு எதையோ மறைக்காரு," என்றார் வாத்தியார். "இது சங்கேத எழுத்து. புதையல் இருக்கிற இடம்."

வியாழக்கிழமை விடிந்தபோது மரத்தைச் சுற்றி எட்டுக் குழிகள். லாரி என்ன, சைக்கிள்கூட வர வழியில்லை. ஒன்பதாவது குழிக்கு ஒருவன் கடப்பாரையைத் தூக்கியபோது சீனிவாசகம் அலறினார்.

"தோண்டாதீகய்யா! வீரணன் குடியிருக்க மரம்! தோண்டுனா கண்ணு போயிரும்!"

கடப்பாரை கீழே விழுந்தது. தோண்டியவர்களே குழிகளை மூடிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சீனிவாசகம் நிம்மதியாக ஒரு மூச்சு விடுவதற்குள் மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், சூடம் என்று வரிசையாக வந்து இறங்கின. மொக்கைச்சாமியின் மனைவி ஆவுடைத்தாய் குங்குமச் செப்போடு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் விரலை விட்டு, கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல் குங்குமத்தை அப்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு கத்திய வைக்காம விட்டதே எங்க குலத்துக்குப் புண்ணியம் மதினி," என்றாள் பொன்னுத்தங்கத்திடம்.

பொன்னுத்தங்கம் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே ஓடினாள்.

ரெண்டு நாளும் செல்போனில் எடுத்து வாத்தியார் போட்ட வீடியோ எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார்.

"இது வரலாற்று மரமா, சாமி மரமான்னு முடிவாகிற வரைக்கும் யாரும் வெட்டக்கூடாது. உங்க அனுமதி நிறுத்திவைக்கப்படுது."

"சார், இது வெறும் வேப்பமரம் சார்!"

"நேத்து நீங்களே செதுக்கினதாச் சொன்னீங்க. காலைல வீரணன் குடியிருக்கார்னு சொன்னீங்க. வீடியோவுல ரெண்டும் இருக்கு," என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

சீனிவாசகம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெட்டி ஒட்டும் பதினாறு பெண்களின் முகம் வரிசையாகக் கண்ணில் வந்து போனது. ஆர்டர் போனால் தீபாவளிக்கு அவர்கள் யாரிடம் வேலைக்குப் போவார்கள்?

பக்கத்தில் செருமல் சத்தம் கேட்டது. மொக்கைச்சாமி நின்றார்.

"மொதலாளி, மரத்தை விட்டுருங்க. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரை இடிச்சிருவோம். மரத்தை ஒட்டுனாப்புல லாரி ரிவர்ஸுல வந்துரும். நானே இடிக்கேன். கூலி வேணாம்."

சீனிவாசகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒனக்கு எதுக்குய்யா இம்புட்டு அக்கறை?"

"சாமி காரியம் மொதலாளி."

விடிவதற்குள் சுவர் தரைமட்டமாகிவிட்டது. பொன்னுத்தங்கம் யாரும் கேட்காமலே உளுந்தவடை சுட்டுக் கொடுத்தனுப்பினாள். தட்டில் ஒன்பது வடை. புருஷனுக்கு மூன்று, மொக்கைச்சாமிக்கு ஆறு.

"ஒழைக்கிற ஆளுக்குத்தான குடுக்கணும்," என்று சீனிவாசகமே நியாயம் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. வானம் கறுத்து முதல் தூறல் விழுந்தபோது விக்னேஷ்குமார் லாரியைத் திருப்பி, பின்பக்கமாக உள்ளே விட ஆரம்பித்தான். மதுரைக்கார டிரைவர்; ஊருக்குப் புதுசு. ஊரே வேடிக்கை பார்த்தது. மரத்தடியில் ஆவுடைத்தாய் சூடம் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பொன்னுத்தங்கம் நின்றாள்.

"வரட்டும்... வரட்டும்... மரத்துல ஒரசாம!" என்று மொக்கைச்சாமி கை காட்டினார்.

வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து கம்பெனிக் கொட்டகைக்குள் பாதி நுழைந்துவிட்டது. மழை வலுத்தது, ஆனால் இனி ஒரு பெட்டிகூட நனையாது. சீனிவாசகம் வீரணனை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். எம்புட்டுச் சோதித்தாலும் கடைசியில் ஆர்டரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டானே!

திடீரென்று லாரி நின்றது. டிரைவர் பக்கக் கண்ணாடியையே உற்றுப் பார்த்த விக்னேஷ்குமார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்.

"அண்ணாச்சி, கண்ணாடியில பாத்தா எழுத்து நேராத் தெரியுதே! ஒரு புஸ்வாணம் வரைஞ்சு, இந்தப் பக்கம் 'மொக்கைச்சாமி', அந்தப் பக்கம் 'பொன்னுத்தங்கம்'னு போட்டிருக்கு... யாரு அண்ணாச்சி இவுகள்லாம்?"