இறக்கைமேல் உட்கார்ந்தவர்

காலுறை மாட்டுவதற்காகப் பல் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். அடியில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பதினெட்டு வருடமாகப் பல் பிடுங்குகிறவருக்கு, எது உடைந்தால் எப்படிச் சத்தம் வரும் என்பது அத்துப்படி. இது கட்டில் கால் இல்லை. மூக்குக் கண்ணாடி இல்லை. எழுந்து பார்த்தால் என்னவென்று தெரிந்துவிடும் என்பதாலேயே கொஞ்ச நேரம் எழாமல் இருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் எழுந்து போர்வையை விலக்கினார்.

மனைவியின் ரிமோட் விமானத்து இறக்கை. சிவப்புத் தாள் போர்த்திய ஒன்றரை மீட்டர் நீள இறக்கை, நடுவில் புத்தகம் போல மடங்கிக் கிடந்தது.

அது சாதாரண இறக்கை இல்லை. உள்ளே இருபத்திரண்டு விலா எலும்புகள். எல்லாம் பால்சா மரம். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே தெரியாத மரம். மனைவி ஆறு மாதம் உட்கார்ந்து தன் கையால் இழைத்து ஒட்டியது. மாடல் விமானக் கிளப்பின் கோப்பையைப் போன இரண்டு வருடமும் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது. இந்த வருடப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன்.

அவளுக்கு உத்தியோகம் கட்டட ஆய்வாளர். சுவரில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் முழுக் கட்டடத்தையும் காலி பண்ணச் சொல்லிவிட்டு வருகிறவள். காலையில்தான் வெளியூர் ஆய்வுக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

செல்போன் அடித்தது. அவளேதான்.

"என்னங்க, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். முன்ரூம் கட்டில்ல இறக்கைய வெச்சு, தூசி படாம போர்வை போட்டிருக்கேன். அந்தப் பக்கமே போயிடாதீங்க."

"நான் எதுக்கும்மா அங்க போறேன்?" என்று சொன்ன டாக்டர், தன்னை மறந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

நறுக்.

"என்ன சத்தம்?"

"பேஷண்ட்டோட பல்லு. கடைவாய்ப் பல்லு."

"பாவம், மெதுவாப் பிடுங்குங்க. ஞாயித்துக்கிழமை நான் நேரா மைதானத்துக்கு வந்துடறேன். நீங்களும் அப்பாவும் விமானத்த எடுத்துட்டு வந்துடுங்க."

போனை வைத்தபோது டாக்டருக்குப் பயம் இருந்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்குமேல் தங்கவில்லை. உடைந்ததை ஒட்டுவதுதானே தன் தொழில்? பல்லுக்குள் நூல் மாதிரி இருக்கும் நரம்பையே தேடிப் பிடிக்கிறவனுக்கு இந்தக் கட்டை எம்மாத்திரம்?

வீட்டை ஒட்டியே அவருடைய கிளினிக். அங்கே வரவேற்பறையில், மின்விசிறிக்கு நேர் கீழே, மாமனார் வழக்கம்போலக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தையல் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு வந்து தங்கியிருப்பவர். மருமகன் போர்வைக்குள் எதையோ சுற்றிக்கொண்டு ஓடுவதை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, அவசரக் கேஸா?"

"ஆமாம் மாமா. எலும்பு முறிவு."

"பல் டாக்டர்கிட்ட எதுக்கு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மாமனார் கட்டத்துக்குத் திரும்பினார்.

டாக்டர் இறக்கையை நாற்காலியில் படுக்கவைத்து விளக்கைத் திருப்பினார். நடுவிலும் இடது பக்கத்திலும் இருந்த விரிசல்களில் பல் அடைக்கும் சிமெண்ட்டைக் குழைத்து அப்பினார். அதை இறுகவைக்கும் நீல விளக்கைக் காட்டினார். பத்து நிமிடத்தில் கல்லாக இறுகிவிட்டது. பெருமையோடு நடுவில் பிடித்துத் தூக்கினார். இடது பக்கம் சொத்தென்று தரையைத் தொட்டது.

சிமெண்ட் கனம். சரி, கனம்தானே பிரச்சினை? வலது பக்கத்திலும் அதே அளவு அப்பினார். இப்போது இரண்டு பக்கமும் அச்சு அசலாகச் சமம். இறக்கை மட்டும் இஸ்திரிப் பெட்டி கனம் கனத்தது.

"அப்பினத எடுத்துட்டாப் போச்சு," என்று டாக்டர் துளைக்கும் கருவியைக் கையில் எடுத்தார்.

பல்லைத் துளைப்பதற்கென்று செய்த கருவி அது. பால்சா மரத்திடம் அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாலே நொடியில் ஏழு விலா எலும்பு பொடியாகி டாக்டரின் மீசையில் வந்து உட்கார்ந்தது.

ஒட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை. புதிதாகத்தான் செய்ய வேண்டும். இந்த முடிவுக்கு வந்ததும் டாக்டருக்கு மனம் லேசாகிவிட்டது. பழசை ஒட்டுவதைவிடப் புதுசு கட்டுவது சுலபம் என்று நோயாளிகளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

மாடல் சாமான் கடைக்காரர் பால்சாப் பலகைகளையும் சிவப்புத் தாளையும் சுற்றிக் கொடுத்தார்.

"முன்னப் பின்னச் செஞ்சிருக்கீங்களா சார்?"

"இதைவிடச் சின்னதெல்லாம் செஞ்சிருக்கேன். வாய்க்குள்ள."

கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பால்சா ரொம்பச் சாது சார். அதட்டினா உடைஞ்சுடும். பார்த்துப் பண்ணுங்க."

வெள்ளிக்கிழமை காலை கிளினிக்கில் மரத்தூள் மணந்தது. உடையாமல் தப்பியிருந்த ஒரு பழைய விலாவை அளவாக வைத்து, டாக்டர் மெல்லிய கத்தியால் இருபத்திரண்டு விலாக்களை வெட்டினார். அழகாகவே வந்தன. மெய்மறந்து அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நர்ஸம்மா உள்ளே தலையை நீட்டினாள்.

"டாக்டர், ஒருத்தர் கன்னம் வீங்கி ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கார்."

கன்னம் வீங்கியவருக்கு ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும். பாதி இறக்கையைத் தாங்குகிற நீளக் குச்சியில் விலாக்களை ஒட்டினாலும் காய அதே பத்து நிமிடம் ஆகும். டாக்டர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்.

"கொஞ்சம் இதப் பிடிச்சுக்குங்க. ரெண்டு கையாலயும். ஆடக் கூடாது."

"ஆ... ஆது எஆ?"

"பேசாதீங்க, ஆடுது பாருங்க."

அந்த மனிதர் வாயைத் திறந்தபடி, இறக்கையைக் குழந்தை மாதிரி மடியில் ஏந்திக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி இருந்தார். பல் போனது அவருக்குத் தெரியவே இல்லை. இவ்வளவு வலியில்லாமல் யாரும் பிடுங்கியதில்லை என்று போகும்போது எழுதிக் காட்டிவிட்டுப் போனார். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்து வந்த மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

மதியத்துக்குள் இரண்டு பாதியும் தயார். மேஜைமேல் சேர்த்து வைத்துவிட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்.

"எப்படி?"

நர்ஸம்மா இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு டாக்டர். ஆனா இந்தப் பாதிக்குத் தடிச்ச விளிம்பு வாசல் பக்கம் இருக்கு. அந்தப் பாதிக்கு ஜன்னல் பக்கம் இருக்கு. இது பறக்குமா, இல்ல சுத்துமா?"

டாக்டர் பார்த்தார். இரண்டும் இடது இறக்கை.

"மேல மாட்டினா நல்லாக் காத்து வரும்," என்று வரவேற்பறையிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

டாக்டர் அசரவில்லை. "நல்லதாப் போச்சு. இடது பக்கம் எப்பவாவது உடைஞ்சா மாத்தறதுக்கு ஒண்ணு ரெடியா இருக்கு," என்று ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு, மறுபடியும் பதினோரு விலா வெட்ட உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை வலது பக்கமும் முடிந்து இரண்டையும் நடுவில் இணைத்தார். நேரம் குறைவு என்று இந்தத் தடவை சூப்பர் க்ளூ. பெயருக்கு ஏற்ற மாதிரி அது சூப்பராகவே ஒட்டியது. இறக்கையை மட்டுமல்ல, டாக்டரின் வலது கையில் மூன்று விரல்களையும்.

அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோவில் கூப்பிட்டாள்.

எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும். டாக்டர் கையோடும் இறக்கையோடும் முன்ரூமுக்கு ஓடி, கட்டிலில் சாய்ந்து, போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது கையால் போனை எடுத்தார்.

"என்னங்க, படுத்திருக்கீங்க? உடம்பு சரியில்லையா?"

"சும்மா, ஒரு ஓய்வு."

"அய்யோ, அது இறக்கை இருக்கிற கட்டிலாச்சே! பக்கத்துல படுத்திருக்கீங்களா?"

"தனியா இருக்கேன்னு... ஒரு துணைக்கு."

"யாருக்குத் துணை?"

"இறக்கைக்கு."

அவள் முகம் திரை முழுக்க வந்தது. "முதல்ல தள்ளிப் போங்க."

டாக்டர் ஒரு அங்குலம் நகர்ந்தார். போர்வையும் ஒரு அங்குலம் நகர்ந்தது.

"இன்னும் தள்ளுங்க."

இன்னும் நகர்ந்தார். போர்வையும் கூடவே வந்தது.

"ஏங்க அது உங்க பின்னாடியே வருது?"

"என்னன்னே தெரியல, ரெண்டு நாளா என்கிட்ட ரொம்ப ஒட்டுதல்," என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸம்மா வந்து, "டாக்டர், வலி தாங்க முடியலன்னு ஒருத்தர் கத்தறார்," என்று ஒரு போடு போட்டாள். அப்படி யாரும் கத்தவில்லை. போனை வைத்ததும் நர்ஸம்மா தன் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டருக்குத்தான் கொஞ்சம் தோல் போயிற்று.

மிச்சம் இருந்தது சிவப்புத் தாள் மட்டும். இறக்கைமேல் விரித்து இஸ்திரி போட்டால் சுருங்கி, முரசுத் தோல் மாதிரி விறைப்பாக ஒட்டிக்கொள்ளும். டாக்டர் இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். தாள் சுருங்கியது. சுருங்கிக்கொண்டே போயிற்று. இறக்கை மெதுவாக முறுக்கிக்கொண்டு எழுந்து, பிழிந்த துண்டு மாதிரி நின்றது.

மூன்று நாளில் முதல் முறையாக டாக்டர் தலையில் கை வைத்தார்.

மாமனார் குறுக்கெழுத்தை மடித்து வைத்துவிட்டு வந்தார். சூட்டைப் பாதிக்குமேல் குறைத்தார்.

"பட்டுத் துணிக்கு வைக்கிற சூடு போதும் மாப்பிள்ளை. அது எந்தப் பக்கம் முறுக்குதோ, நீங்க எதிர்ப் பக்கம் முறுக்கிப் பிடிங்க. நான் தேய்க்கிறேன்."

ஒருவர் முறுக்க, ஒருவர் தேய்க்க, அரை மணி நேரத்தில் இறக்கை அடங்கி நேரானது. டாக்டர் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். கோடு போட்ட மாதிரி இருந்தது.

"தையல்காரர் கைன்னா சும்மாவா மாமா!"

"இஸ்திரிதானே," என்று சொல்லிவிட்டு மாமனார் மறுபடியும் மின்விசிறிக்குக் கீழே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மனைவி பயணப் பையோடு காத்திருந்தாள். இறக்கையைக் கையில் வாங்கினாள். தூக்கிப் பார்த்தாள். விரலால் சுண்டினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நுனிவரை பார்த்தாள். எத்தனையோ கட்டடங்களைக் காலி பண்ணவைத்த கண் அது. டாக்டர் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ம்," என்றாள். ரப்பர் வளையங்களை மாட்டி இறக்கையை விமானத்தின்மேல் பொருத்தினாள்.

விமானம் புல்லில் இருபது அடி ஓடி எழும்பியது. அது மேலே போய் வட்டமிட்டது, தலைகீழாகப் புரண்டது, நிமிர்ந்தது, சிவப்புப் பறவை மாதிரி சரிந்து இறங்கி ஒரு குலுங்கல் இல்லாமல் தரையைத் தொட்டது. மைதானமே கைதட்டியது. தன்னை அறியாமல் டாக்டரும் எழுந்து நின்று, தோல் போன விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். பல் கட்டி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறார். ஆனால் தன் கையால் செய்த ஒன்று மேகத்தைத் தொட்டுவிட்டு வருவதைப் பார்ப்பது வேறு.

கோப்பையைக் கொடுத்த கிளப் செயலாளர், இறக்கையைத் தடவிப் பார்த்துக் கேட்டார். "புதுசு மாதிரியே இருக்கே மேடம்? மாத்திட்டீங்களா?"

"மாத்தறதா!" அவள் சிரித்தாள். "நானே செஞ்சது. நூறு அடி தள்ளி வெச்சாலும் என் கை வேலை எனக்குத் தெரியும்."

டாக்டருக்குச் சந்தோஷம் பாதியில் நின்றது. மாமனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மாமா, நடந்ததெல்லாம் நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? என் மனசு கேக்கல. ஆறு மாசம் அவ கண்ணு முழிச்சுச் செஞ்ச இறக்கை. அதுமேல போய் உட்கார்ந்துட்டேன். இப்பவே போய் உண்மையச் சொல்லிடட்டுமா?"

எழுந்தவரின் கையை மாமனார் சட்டென்று பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு காதோரமாகக் குனிந்தார்.

"மனசப் போட்டு அலட்டிக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க உடைச்சது அவ செஞ்சதே இல்ல. அவ செஞ்சதுமேல போன வருஷமே நான் உட்கார்ந்தாச்சு."