படுக்க வைக்க விடாத பீம்

கோலாலம்பூரில் யார் வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைப் பார்க்கிற மனிதர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக் கட்டட எஞ்சினியர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'நாலு மடங்கு' என்றால் தெரியும். அகலத்தைப் போல இரண்டு பங்கு உயரமுள்ள பீமை, அதாவது உத்திரத்தை, படுக்க வைத்தால் நாலு மடங்கு வளையும் என்று அவர் சொல்லாத நாளே கிடையாது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில்கூட, "அந்த மேசை வேணாம்லா பாஸ், மேல பீம் ரொம்ப ஒல்லி" என்று எழுப்பிவிடுவார். பசியில் அவரைத் திட்டாத ஆள் இல்லை.

கிள்ளானில் என் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். கூடத்தைப் பெரிதாக்க நடுச்சுவரை இடித்து, மாடியைத் தாங்க ஒரு கான்கிரீட் பீம் போட வேண்டும். நாலு மடங்குதான் அதை நிற்க வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு மேல பீம் தொங்கக்கூடாதுங்க, வாஸ்து ஆகாது" என்றாள் என் மனைவி.

காண்ட்ராக்டர் உடனே, "அதே கம்பி, அதே சிமெண்டுதான்க்கா. படுக்க வச்சிட்டா தெரியவே தெரியாது" என்றார்.

நானும் வரைபடம் போடுகிறவன்தான். ஆனாலும் வீட்டில் சண்டை வேண்டாமென்று தலையாட்டிவிட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! அலுவலகத்தில் டீ குடிக்கும்போது இதை அவரிடமே உளறியும் வைத்தேன்.

மறுநாள் காலை ஒரு பலகையோடு வந்து இறங்கினார். இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் அதைப் படுக்க வைத்து, குண்டுக் காண்ட்ராக்டரை ஏறச் சொன்னார். பலகை தொட்டில் மாதிரி வளைந்தது. பிறகு அதையே செங்குத்தாக நிறுத்தி, ஆளுக்கொரு முனையை என்னையும் மனைவியையும் பிடிக்கச் சொல்லி, மறுபடி ஏற்றினார். பலகை அசையவில்லை. காண்ட்ராக்டர்தான் என் மண்டையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

"வாஸ்துக்குப் பரிகாரம் இருக்கு தங்கச்சி. மாடி இறங்குனா என்ன பரிகாரம்? பீமை நிக்க விடு, பொண்ணு மாப்பிள்ளை உட்கார்ற மேடையைத் தள்ளிப் போடு!" என்றார் நாலு மடங்கு.

"இதை மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே?" என்று சிரித்துவிட்டாள் மனைவி. பீம் நின்றது.

நிச்சயத்தன்று மாடியில் மட்டும் முப்பது பேர். பிள்ளைகள் பாட்டுப் போட்டு ஒரே ஆட்டம். நாலு மடங்கு கீழே பீமுக்கு நேர் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிட வாங்கண்ணே, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"ஆகாதுன்னு எனக்குத் தெரியாதாலா? கணக்குப் போட்டவன் நான். எல்லாரும் இறங்கட்டும், அப்புறம் சாப்பிடறேன்."

நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கூடப் பிறந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை. அன்று அப்படித் தோன்றவில்லை.