நேர்கோட்டு மாஸ்ரர் வளைந்து போன நாள்

யாழ்ப்பாணத்தில் வேலிக்குப் பயப்படாத ஒரே மனிதர் நேர்கோட்டு மாஸ்ரர்தான். ஒரு வேலிக் கதியால் அரை அடி நகர்ந்ததற்காக மூன்று தலைமுறை வழக்குப் பேசிக் கோடு ஏறுகிற ஊர் இது. அந்த ஊரில் அவர் எந்த வேலியையும் பிரித்துக்கொண்டு, கூச்சமில்லாமல் அடுத்த காணிக்குள் போவார்.

நானும் அவரும் கோப்பாயில் ஒரே ரியூட்டரியில் படிப்பித்தோம். எனக்கு இரசாயனம், அவருக்குப் பௌதிகம். இடப்பெயர்ச்சி என்பது புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நடுவே உள்ள நேர்கோடு. இடையில் ஊரெல்லாம் சுற்றினால் அது வெறும் தூரம். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். இந்த மனிதர் மட்டும் அதன்படி வாழ்ந்து எங்கள் உயிரை வாங்கினார்.

கோயிலில் வீதி சுற்றமாட்டார். "சுத்தி வந்தால் இடப்பெயர்ச்சி பூச்சியம். பிறகேன் சுத்துவான்?" என்று வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். ஒருநாள் மனைவி, "விடிய வெளிக்கிட்டனீங்கள், இவ்வளவு நேரமும் எங்கை போனனீங்கள்?" என்று கேட்டார்.

"நான் எங்கையும் போகேல்லை. வெளிக்கிட்ட இடத்திலைதானே நிக்கிறன்?"

"அப்ப பசியும் பூச்சியம்தானே" என்று அம்மணி சோற்றுப் பானையை மூடிவிட்டார்.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் நான் பெண் பார்க்கப் புறப்பட்டேன். பெற்றோல் கண்ணில் படாத காலம். புத்தூரில் பெண் வீடு. அம்மாவும் மாமாவும் முன்னமே போய் விறாந்தையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம், அதற்குள் நான் வாசல் மிதிக்க வேண்டும். பெண்ணின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. வகுப்பு முடியப் பிந்திவிட்டது.

"றோட்டாலை போனால் சரிவராது. தோட்டத்துக்குள்ளாலை நேரை போவம். நீர் பேசாமல் ஏறும்" என்று மாஸ்ரர் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றினார்.

வெங்காயப் பாத்தி, வாழை, சாணிக் கும்பி என்று ஒன்றையும் விடவில்லை. என் வெள்ளை வேட்டி செம்மண் நிறமானது. கடைசியில் ஒரு பனையோலை வேலி. மாஸ்ரர் ஓலையைப் பிரித்துச் சைக்கிளின் முன்சில்லை உள்ளே தள்ளினார். அது பெண் வீட்டின் வளவு. அந்த வேலிக்காகப் பெண்ணின் தகப்பன் பக்கத்து வீட்டுக்காரனோடு வழக்காடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

"ஆரடா வேலியைப் பிரிக்கிறது? வழக்கு முடிய முன்னமே ஆள் விட்டிட்டானோ?" என்று அவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"கோவிக்காதேங்கோ ஐயா, இதுதான் கிட்டின பாதை. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்."

"மாப்பிள்ளையோ? என்ரை வீட்டுக்கு மாப்பிள்ளை படலையாலைதான் வருவான். வேலியாலை வாறவனுக்குப் பெட்டை இல்லை!"

வாசல் படலை கண்ணுக்கு முன்னால், முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. மனிதர் முற்றத்தில் கால்வைக்க விடவில்லை. ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. மாஸ்ரரின் கழுத்தை நெரிக்கவும் ஆசை வந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சைக்கிளை வெளியே இழுத்து, என்னை ஏற்றி மிதித்தார். குறுகிய ஒழுங்கை வளைந்தது, கேணியடியில் திரும்பியது, கோயில் மதிலைச் சுற்றியது. அவர் ஒரு மூலையைக்கூடக் குறுக்கே வெட்டவில்லை. நாலரைக்குச் சற்று முன் படலையில் நின்றோம்.

"ஐயா, மாப்பிள்ளை படலையாலை வந்திட்டார்" என்று மூச்சு வாங்கியபடி அறிவித்தார். பிறகு என் காதில், "முக்கால் மைல் மிதிச்சு முப்பதடி நகர்ந்திருக்கிறம். இப்பிடியொரு விசர் வேலை நான் என்ரை வாழ்நாளிலை செய்ததில்லை" என்று எரிந்து விழுந்தார்.

கலியாணம் நடந்தது. மாமனார் வேலியில் விழுந்த அந்தப் பொட்டை அடைத்து மேலும் இரண்டு வரி ஓலை வைத்துக் கட்டினார். ஊர் இடம்பெயர்ந்தபோது பிரிந்துபோன மாஸ்ரர் இப்போது எந்த ஊரில், யாருடைய வேலியைப் பிரித்துக்கொண்டு நிற்கிறாரோ தெரியாது. தெரிந்தால், எவ்வளவு சுற்றென்றாலும் சுற்றிப் போய், அவர் வீட்டுப் படலையைத் தட்டுவேன்.